கட்டம் 2,316

புளூமிங்டன் நூலகத்தின் அடித்தளத்தில்
மணிக்குப் பதினான்கு டாலருக்கு
நாடுகளுக்கு எண் போடுகிறேன்.

பெயர் கிடையாது. நாடு ஏழு. நாடு பதினொன்று.
செங்கொடி இறங்கிய கையோடு
அவசரமாய் எழுதிய சாசனங்கள்.
எல்லாவற்றிலும் இரண்டு நாற்காலி:
ஊர் கூடித் தேர்ந்த குடியரசுத் தலைவருக்கு ஒன்று,
மன்றம் தேர்ந்த பிரதமருக்கு ஒன்று.
இருவரும் ஒரே கட்சி என்றால் சுழியம்.
வேறு வேறு என்றால் ஒன்று.
மாதத்துக்கு ஒரு கட்டம்.

இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்
கல்யாணம் ஆகாதவர்கள் ஒரே வீட்டில் இருப்பதைக் குறிக்கும்
அதே சொல்.
எனக்கு முதலில் வந்தது
ஒரே உறையில் இரண்டு கத்தி.

அடுத்த பத்தி: மோதல்.
சுழியம் முதல் நான்கு வரை.
கையெழுத்திட மறுத்தால் இரண்டு.
மாளிகை மேசையில் ஒரு கோப்பு
எத்தனை மாதம் குறட்டை விடும் என்று
செய்தித்தாளில் எண்ணி வளர்ந்தவன் நான்.
இரண்டு போட என் கை தயங்குவதில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் இருவர் பார்க்க வேண்டும்,
தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல்.
ஒத்துப்போனால் அது அறிவியல்.
போகாவிட்டால் பேராசிரியர் ஹால்வர்சனுக்கு மின்னஞ்சல்.

இரண்டாயிரத்து முந்நூறு கட்டம் வரை
ஸ்வெத்லாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை இல்லை.
பிறகு இது.
நாடு ஒன்பது, தொண்ணூற்றாறு, பிப்ரவரி.

நான் சுழியம் போட்டிருந்தேன்.
செய்திச் சுருக்கத்தில் ஒரே ஒரு படம்:
இருவரும் பால்பண்ணை திறக்கிறார்கள்,
ஒரு நாடாவை
இரண்டு கத்தரிக்கோலால்.

அவள் நான்கு போட்டிருந்தாள்.
ஆதாரம் என்ற இடத்தில்
அப்பா
என்று எழுதியிருந்தாள்.

பேசக் கூடாது. காபி இயந்திரத்தடியில் பேசினாள்.

அப்பா அமைச்சகத்து ஓட்டுநர்.
அன்று உள்துறை அமைச்சரைப் பத்து மணிக்கு
ஆற்றுக்கு மேற்கே கொண்டு வா என்றது ஒரு தொலைபேசி.
பத்து மணிக்குக் கிழக்கே என்றது இன்னொன்று.
இரண்டும் ஆணை. இரண்டுக்கும் முத்திரை.
அமைச்சர் பின்னிருக்கையில்
தூங்குகிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா பாலத்தின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தி
பானட்டைத் தூக்கி வைத்தார்.
எதுவும் கெடவில்லை.
பனி என்ஜின் மேல் விழுந்து விழுந்து ஆவியானது.

பத்தே முக்காலுக்குக் கண் திறக்காமல் ஒரு கேள்வி:
பழுது பெரிதா?
பெரிதுதான் ஐயா.
அப்பா ஓர் ஆப்பிளை வெட்டிப் பாதியைப் பின்னால் நீட்டினார்.
ஒரு கை வந்து
வாங்கிக்கொண்டது.

இருட்டும்வரை அங்கேயே.

வேலை போயிருக்குமே, என்றேன்.
நீக்கும் உத்தரவுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், என்றாள்.
இன்றுவரை ஒன்றுதான் விழுந்திருக்கிறது.
ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது.

அப்படியானால் இது மோதலா, இணக்கமா?

அவள் காகிதக் கோப்பையை நசுக்கினாள்.
மணிக்குப் பதினான்கு டாலர் எனக்கும்தான், என்றாள்.

தகவல் இல்லையென்றால்
மைனஸ் தொண்ணூற்றொன்பது போடலாம், விதிநூல் சொல்கிறது.
தகவல் இருக்கிறதே.
பாதி ஆப்பிள் அளவுக்கு இருக்கிறது.

அன்றிரவு அறைக்குப் போய்
என் சுழியத்தை நான்காக்கினேன்.
காலையில் பார்த்தால்
அதே இரவில் அவள் தன் நான்கைச் சுழியமாக்கியிருக்கிறாள்.

முரண்பட்ட பிரதி, என்றது கணினி.
எதை வைத்துக்கொள்ள?
இரண்டையும் என்றொரு பொத்தான்
கீழே, சாம்பல் நிறத்தில்.

ஹால்வர்சன் இன்னும் பார்க்கவில்லை.
கிர்க்வுட் தெருவில் உப்பு வண்டி போகிறது,
பனி இன்னும் விழவேயில்லை.